சுடுதண்ணீரும் சுயநினைவும்

1968-இல் பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணி தன் சகாக்களோடு சேர்ந்து ஒரு வினோதமான வலிப்பைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வருகிற வலிப்பு. உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொண்டால் வருவதில்லை, பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் வருவதில்லை. 1945-இல் நியூசிலாந்தில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வெளியாகியிருந்தது. அரிதிலும் அரிது என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த அந்த நோய், பெங்களூரைச் சுற்றியிருந்த ஊர்களில் வீட்டுக் குளியலறைகளில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது. 1988-இல் நிம்ஹான்ஸ் மருத்துவர் பி. சதீஷ்சந்திராவும் குழுவினரும் 279 நோயாளிகளை ஆராய்ந்து எழுதினார்கள். இன்றைக்கும் சுடுநீர் வலிப்பு என்றால் உலக நரம்பியல் நூல்கள் முதலில் சொல்லும் பெயர் தென் கர்நாடகம்தான். துருக்கி அதற்கு அடுத்த இடத்தில்தான்.

நோய் வரைபடங்கள் மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன. மரபணுவும் செப்பு அண்டாவும் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் நிற்பதில்லை. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கமுள்ள தேன்கனிக்கோட்டையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் புழங்குகின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஆனேக்கல், கனகபுரா வரைக்கும் நீள்கிறது. மேட்டுநிலக் குளிர் ஐப்பசியில் தொடங்கினால் தை முடியும் வரை விடாது. அதனால் குளியல் என்றாலே இங்கே சுடுதண்ணீர்தான். பழைய வீடுகளில் குளியலறைச் சுவரோடு சேர்த்து அடுப்புக் கட்டி, அதன்மேல் அண்டாவைப் பதித்திருப்பார்கள். தைலமரச் சுள்ளியோ, இலை பறித்த பிறகு மிஞ்சும் மல்பெரிக் குச்சியோ வெளிப்பக்கம் எரியும். வாரத்துக்கு ஒரு தரம் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, பிள்ளையை மணையில் உட்காரவைத்து, அம்மா சொம்பு சொம்பாக உச்சந்தலையில் ஊற்றுவாள். மூச்சு விட இடைவெளி கொடுக்காமல் ஊற்றினால்தான் எண்ணெய் இறங்கும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. அந்தத் தண்ணீரின் சூடு 40 முதல் 50 டிகிரி செல்சியஸ். இந்த வலிப்புக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது: சூடு, உச்சந்தலை, வேகம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பத்து வயதுப் பையனுக்கு இப்படித்தான் நடந்தது. ஏழெட்டுச் சொம்பு ஊற்றியதும் அவன் தலையைச் சற்றுத் தூக்கிச் சுவரைப் பார்த்தான். "போதும் கண்ணு, எழுந்திரு" என்று அம்மா சொன்னாள். அவன் எழவில்லை. வலது கை விரல்கள் தொடையில் எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தன. உதடு சப்புக்கொட்டியது. கண் திறந்திருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், கன்னத்தைத் தட்டினாள், பிறகு பயந்துபோய் வெளியே இருந்த மாமியாரைக் கூப்பிட்டாள். அவர் ஓடிவந்து பையன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ போயிருக்கும். பையன் நீளமாக மூச்சுவிட்டு, "ஏம்மா அழற?" என்று கேட்டான். கூப்பிட்டது அவனுக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றியது ஞாபகம் இருந்தது. பாட்டி உள்ளே வந்தது ஞாபகம் இல்லை.

பின்னால் மருத்துவரிடம் அந்தத் தாய் சொன்னது இதுதான்: "முழிச்சிக்கிட்டுதான் சார் இருந்தான். ஆனா அவன் இல்ல சார்."

பிரக்ஞை என்றால் என்ன என்ற கேள்வியைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சரியாக அதைத் தொடவில்லை. விழித்திருப்பது ஒன்று, அங்கே ஆள் இருப்பது வேறொன்று. தூங்கும்போது இரண்டும் சேர்ந்தே அடங்கிவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. இந்த வலிப்பு இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அதுவும் ஆய்வுக்கூடத்தில் இல்லை, அடுப்புப் புகைக்கு நடுவே ஒரு அம்மாவின் கண்முன்னால்.

சாவிக்கொத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். ஆகவே அந்த நேரத்தில் கையில் எதைக் கொடுத்தாலும் அது பலித்த மாதிரிதான் இருக்கும். இரும்பு இத்தனை தலைமுறையாகத் தோற்காமல் இருப்பதன் காரணம் அதுவே. பாட்டியைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவர் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு. ஆனால் சாவிக்கு ஓடும் நேரத்தில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், அடுப்புப் பக்கம் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஈரத் தரையும் கொதிக்கும் அண்டாவும் இருக்கிற இடம் அது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து மத்திகிரி வழியாக ஓசூர், அங்கிருந்து அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு தாண்டினால் நிம்ஹான்ஸ். மொத்தம் 60 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். அந்த மருத்துவமனையின் முகவரியே ஓசூர் ரோடுதான். 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி, 1974-இல் அரசு மனநல மருத்துவமனையோடு இணைந்து இன்றைய பெயரைப் பெற்ற இடம். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது இன்னொரு மாநிலத்து மருத்துவமனை இல்லை. காலை முதல் பஸ்ஸில் ஏறி இரவு திரும்பிவிடக்கூடிய தூரம்.

அங்கே மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜி சோதனைக்குப் போகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லி அனுப்புவது: தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை ஒட்டாது. சுடுநீர் வலிப்புக்காரருக்கு இந்த அறிவுரையைச் சொல்லும்போது தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சோதனைக்கான தயாரிப்பே நோயைக் கிளப்பிவிடக்கூடும். நுட்பர் நாடாவால் தலையை அளந்து, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, பசை தடவி 21 மின்முனைகளை ஒட்டுகிறார். 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்த அளவுமுறை அது. மூக்கு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை உள்ள நீளத்தைப் பத்துக்கும் இருபதுக்குமான விழுக்காடுகளாகப் பிரித்துக்கொள்வதால், குழந்தையின் தலையானாலும் பெரியவர் தலையானாலும் அதே இடங்கள் கிடைத்துவிடும்.

அந்தக் கருவியின் பிறப்பு பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் இளைஞராக ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே வீட்டிலிருந்து தந்தி வந்தது. அவருக்கு ஏதோ ஆபத்து என்று அவருடைய அக்காவுக்கு மனதில் பட்டதாம். மனம் மனத்தைத் தொடுகிறது என்றால் அதற்கு ஒரு விசை இருக்க வேண்டும் என்று அதைத் தேடியே வாழ்நாளைச் செலவிட்டார். 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிந்தார், 1929-இல் வெளியிட்டார். அவர் தேடிய விசை கிடைக்கவில்லை. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்கு 8 முதல் 13 தரம் எழுந்து விழும் ஆல்ஃபா அலை கிடைத்தது. மூளையை அளக்கும் கலை முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்று எனக்குப் படுகிறது: மனதைத் தேடிப் போகிறோம், மின்சாரம் அகப்படுகிறது.

அகப்படும் மின்சாரமும் கொஞ்சம்தான். தலைத்தோலில் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பென்சில் செல்லோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 50 ஆயிரத்தில் ஒரு பங்கு. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஒன்று தனியாகத் துடித்தால் வெளியே எதுவும் தெரியாது. தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமி தேர் இழுக்கும் நாளில் நான்கு தெரு தள்ளி நிற்பவனுக்குக் காதில் விழுவது, வடத்தைப் பிடித்த எல்லோரும் சேர்ந்து எழுப்பும் கோஷம் மட்டும்தான்; பக்கத்தில் நிற்கும் இருவர் பேசிக்கொள்வது கேட்பதில்லை. மூளையின் புறணியில் சில சதுர சென்டிமீட்டர் பரப்பிலுள்ள அணுக்கள் ஒருமித்துத் துடித்தால்தான் மண்டையோட்டைக் கடந்து மின்முனைக்கு அது எட்டும்.

சுடுநீர் வலிப்பு பலருக்கும் தொடங்குவதாகக் கருதப்படும் இடமோ பொட்டுமடலின் உட்பக்கம், மண்டையோட்டிலிருந்து தள்ளி ஆழத்தில். அதனால்தான் வலிப்பு இல்லாத நாளில் எடுத்த இஇஜி பெரும்பாலானவர்களுக்குச் சரியாகவே இருக்கிறது. "ரிப்போர்ட் நார்மல்" என்று கையில் கொடுத்துவிட்டால் குடும்பம் என்ன நினைக்கும்? ஒன்று, பிள்ளை நடிக்கிறான். இல்லாவிட்டால், இது மருத்துவர் தீர்க்கும் விஷயம் இல்லை, வேறு எங்காவது போக வேண்டும். காகிதத்தில் ஒன்றும் வராததற்குக் காரணம் கருவியின் எல்லை என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் யாராவது உட்கார்ந்து விளக்கினால் எத்தனையோ அலைச்சல் மிச்சமாகும். வலிப்பு வரும்போதே பதியலாம் என்றால், மின்முனை ஒட்டிய தலையில் சுடுதண்ணீரை ஊற்ற வேண்டும். ஆய்வாளர்கள் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்பெக்ட் படங்களும் எடுத்தார்கள். பொட்டுமடலின் உட்பகுதியிலும், உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸிலும் அந்த நேரத்தில் ஓட்டம் கூடியிருந்தது.

ஹைப்போதலாமஸ் இதில் வருவது தற்செயல் இல்லை. தலையில் விழும் சூட்டை வேகமாகச் சமன்செய்ய முடியாத ஒரு பிறவிக் குறை இவர்களுக்கு இருக்கலாம் என்பது நிம்ஹான்ஸ் குழுவின் கருத்து. குடும்பங்களில் தொடர்ந்து வருவதைக் கண்டு, பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தின் அனுரஞ்சன் ஆனந்த் குழுவினர் அவர்களோடு சேர்ந்து தேடினார்கள். 2009-இல் 10-ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தையும் 4-ஆவதில் ஓர் இடத்தையும் அடையாளம் கண்டார்கள். எலிகள்மேல் சுடுநீர் ஊற்றிச் செய்த பரிசோதனைகள் இன்னொன்றைக் காட்டின: திரும்பத் திரும்ப வலிப்பு வந்தால் மூளையில் அதற்கென்று ஒரு தடம் விழுந்துவிடுகிறது. சிலருக்குக் கொஞ்ச காலம் கழித்துச் சுடுநீர் இல்லாமலேயே வலிப்பு வரத் தொடங்குவதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே கவனித்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

சரி, மூளையின் ஒரு ஓரத்தில் நடக்கிற கலவரத்துக்கு ஆள் முழுவதும் ஏன் மறைந்துபோக வேண்டும்? இது என்னை நீண்ட நாளாகத் தொந்தரவு செய்த கேள்வி. கை அசைகிறது, கண் திறந்திருக்கிறது, மூச்சு ஓடுகிறது. புறணியின் பெரும்பகுதியில் வலிப்பே இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஹால் புளூமன்ஃபெல்ட் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். மூளைத்தண்டிலும் அதற்கு மேலும் நம்மை விழிப்பில் வைத்திருக்கும் ஓர் அமைப்பு உண்டு. 1949-இலேயே மொருட்சியும் மகூனும் அதைக் காட்டினார்கள். பொட்டுமடல் வலிப்பு உள்நோக்கிப் பரவி இந்த அமைப்பை அடக்கிவிடுகிறது. கீழிருந்து வரும் தூண்டல் நின்றுபோனதும், வலிப்பு தொடாத முன்மடலிலும் ஆழ்ந்த உறக்கத்தில் வருவதைப் போன்ற மெதுவான அலைகள் எழுகின்றன. பையனின் மூளையில் ஒரு மூலை கட்டுக்கடங்காமல் துடித்தது. மீதி, கண் திறந்தபடியே உறங்கிவிட்டது. அந்தத் தாய் மருத்துவரிடம் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

ஆனால் இந்த விளக்கம் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், அலைகளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மனிதக் குரல் இருக்கிறது. எந்த அலையின்போது ஆள் இல்லை என்பதை யாரோ ஒருவர் கூப்பிட்டுப் பார்த்துத்தான் குறித்திருக்கிறார். வலிப்பைக் கண்காணிக்கும் வார்டுகளில் செவிலியர் செய்வது இதுவே: பெயரைக் கேட்பார், கையைத் தூக்கச் சொல்வார், ஒரு சொல்லைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்வார், முடிந்தபின் அந்தச் சொல் என்ன என்று கேட்பார். சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2017-இல் வகுத்த பகுப்பில் நோயாளிக்குத் தன்னுணர்வு இருந்ததா என்பது முக்கியக் கேள்வி. 2025-இல் திருத்தியபோது, அப்போது பதில் கொடுக்க முடிந்ததா என்பதையும் அதோடு இணைத்தார்கள். இத்தனை கோடி ரூபாய்க் கருவிகளுக்குப் பிறகும் பிரக்ஞையின் அளவுகோல் இந்த இரண்டும்தான்: கூப்பிட்டால் பதில் வந்ததா, பிறகு ஞாபகம் இருந்ததா. அந்த அம்மா குளியலறையில் செய்தது அரைகுறை மருத்துவம் இல்லை. அது அடிப்படை அளவீடு. அவள் கூப்பிடாமல் இருந்திருந்தால் கண் திறந்த பையன் என்பதைத் தவிர நமக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் இந்த நோயில் உண்டு. சிலருக்கு வலிப்பின் தொடக்கம் பயமாக இல்லை, இன்பமாக இருக்கிறது. அந்தச் சில நொடிகளுக்காக அவர்கள் இன்னும் இன்னும் சூடாக ஊற்றிக்கொள்கிறார்கள், நினைவு தப்பும் வரைக்கும். கதவுக்கு வெளியே இருப்பவருக்கு, இவன் ஏன் இவ்வளவு நேரம் குளிக்கிறான் என்பது மட்டும்தான் தெரியும். அந்த இன்பம் எப்படிப்பட்டது என்பதை எந்த மின்முனையும் சொல்லாது. அவர் வெட்கத்தை விட்டு வாய் திறந்தால் ஒழிய மருத்துவரும் அறிய முடியாது. இந்தப் பிரச்சினையைத்தான் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1995-இல் கடினமான பிரச்சினை என்றார். மூளை எதைச் செய்கிறது என்று விளக்கிவிடலாம், அதைச் செய்யும்போது உள்ளே ஓர் அனுபவம் ஏன் இருக்கிறது என்று விளக்க முடியவில்லை. 25 வருடத்துக்குள் பிரக்ஞைக்கான நரம்பணுத் தடயம் தெளிவாகிவிடும் என்று 1998-இல் அவரோடு பந்தயம் கட்டிய கிறிஸ்டாஃப் கோச், 2023-இல் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு மதுப்புட்டிகளைக் கொடுத்தார். நம் பக்கத்திலும் பெரிய வேலைகள் நடக்கின்றன. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, தரணி என்ற பெயரில் உலகத்துக்கே திறந்துவைத்தது. எல்லோரும் பெருமைப்பட வேண்டிய காரியம். அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதை அது சொல்லும். உள்ளே இருப்பவரை நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் கேழ்வரகு அறுவடைக்கு நிற்கும். அதே மாதங்களில் யானைகள் ஜவளகிரி, நொகனூர் காடுகள் வழியாக இறங்கும். ஆண்கள் ராத்திரி முழுக்கப் பரண்மேல் உட்கார்ந்து பட்டாசும் தீப்பந்தமுமாகக் காவல் காப்பார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். தூக்கம் கெட்டால் வலிப்பின் வாசல் தாழ்ந்துவிடும், எந்த வகை வலிப்பானாலும். விடிந்து வீடு வந்து, அலுப்புத் தீர நல்ல சூட்டில் தலைக்கு ஊற்றிக்கொள்கிறவரை நினைத்துப் பாருங்கள். பிரஸ் மெஷினில் வேலை பார்க்கிற இளைஞர் வலிப்பு இருப்பதைச் சொன்னால் வேலை போகும் என்று மறைக்கிறார். பெண்பிள்ளை என்றால் வீட்டாரே மறைக்கிறார்கள். அதற்குச் சட்டமே காரணமாக இருந்தது: இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய், திருமணத்துக்குத் தடையான நிலைகளில் ஒன்றாக 1999 வரை இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து போனது ஜாதகம் பார்க்கும் திண்ணையிலிருந்து இன்னும் போகவில்லை. ஒரு நிமிட நினைவு தப்பலுக்காக ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதையும் மாற்றி எழுதுகிறார்கள் என்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

இத்தனைக்கும் இந்த வலிப்பில் பெரும்பாலானவர்களுக்கு வழி எளிது. தலைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஊற்றுவதில் நிதானம். அது போதாதவர்களுக்கு, தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் குளோபசாம் மாத்திரை. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும். சுடுநீர் இல்லாமலும் வலிப்பு வருகிறவர்களுக்குத்தான் தினசரி மருந்து. 60 கிலோமீட்டரில் இவ்வளவும் தெரிந்திருக்கிறது. இங்கே இன்னும் சாவிக்கொத்து ஓடுகிறது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு வீடாக வருகிற அந்தப் பெண்களின் படிவத்தில், எல்லையோர வட்டங்களுக்கென்று ஒரு வரியைச் சேர்க்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, கெலமங்கலம் பக்கம் எந்த வீட்டு வாசலில் நின்றும் அவர்கள் அதைத் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ கேட்டுவிடுவார்கள்: "தலைக்குச் சுடுதண்ணி ஊத்தும்போது யாராச்சும் கூப்பிட்டாப் பதில் சொல்லாம இருந்திருக்காங்களா?"